பங்கு வைத்த கை: கிரேக்க இலக்கியத்தில் விதியும் பெண்களும்

கிரேக்க மொழியில் விதியைக் குறிக்கும் பழைய சொற்களில் முக்கியமானது மொய்ரா. அதன் முதற்பொருள் பங்கு. விருந்தில் இறைச்சியைக் கூறு போடும்போது ஒருவருக்கு வருவது மொய்ரா. போரில் கைப்பற்றியதைப் பகிரும்போது வீரனுக்குச் சேர்வது மொய்ரா. மனிதருக்கு அளந்துவிடப்பட்ட ஆயுளையும், அது முடியும் நாளையும் ஹோமரின் காவியங்கள் இதே சொல்லால்தான் குறிக்கின்றன. விதி என்றதும் நமக்குத் தலையில் எழுதிய எழுத்து நினைவுக்கு வரும். கிரேக்கர்களுக்கு நினைவுக்கு வந்தது கூறுபோட்ட பங்கு.

தமிழ் படித்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. தொல்காப்பியம் 'பால்வரை தெய்வம்' என்று ஒரு தெய்வத்தைச் சொல்கிறது. இன்ப துன்பங்களை வகுத்துக் கொடுக்கும் தெய்வம். பால் என்றால் பகுதி; பால் என்றால் ஊழ். ஆண்பால், பெண்பால் என்று சொல்கிறோமே, அந்தப் பாலும் இதே சொல்தான். பங்கையும் விதியையும் பெண்ணாகப் பிறத்தலையும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கும் மொழியில் படித்து வளர்ந்ததாலோ என்னவோ, கிரேக்க இலக்கியத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. பங்கு என்று ஒன்று இருந்தால் பங்கு வைத்த கை ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அது யாருடைய கை?

கிரேக்க விதி என்றால் வகுப்பறையில் ஈடிபஸோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எவ்வளவு ஓடினாலும் விதி விடாது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மாணவிகள் எழுந்து போகிறார்கள். ஆனால் சோஃபகிளிஸ் எழுதிய நாடகத்தில் நடந்தவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தால் வேறொன்று தெரியும். மகனால் சாவாய் என்று தேவவாக்கு லாயஸிடம் சொன்னது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தையின் கணுக்கால்களைப் பிணைத்து, மலையில் எறிந்துவிடச் சொல்லி அனுப்பு என்று அது சொல்லவில்லை. அது மனிதர்கள் எடுத்த முடிவு. முன்னறிவிப்பு ஒன்று, அதைக் கேட்டவர்கள் செய்தது இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லில் விதி என்று நாம் கட்டிவிடுகிறோம். இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதே என் நோக்கம். அதற்கு ஈடிபஸைவிட கிரேக்க இலக்கியத்தின் பெண்கள் நல்ல துணை.

நூற்கும் பெண்கள்

விதித் தெய்வங்கள் மூன்று பெண்கள். குளோதோ என்றால் நூற்பவள். லகெஸிஸ் என்றால் பங்கை அளந்து தருபவள். அத்ரோப்போஸ் என்றால் திருப்ப முடியாதவள். இலியட்டின் கடைசிப் பகுதியில், மகன் ஹெக்டரை இழந்த ஹெக்குபா, அவனைப் பெற்றெடுத்த நாளிலேயே மொய்ரா அவனுக்கு இந்த முடிவை நூலாக நூற்றுவிட்டாள் என்று சொல்லி அழுகிறாள்.

விதியை ஏன் நூலாக நினைத்தார்கள்? வீட்டுக்குள் பார்த்தால் போதும். ஆட்டு மயிரைக் கழுவி, சிக்கெடுத்து, கதிரில் நூற்று, தறியில் ஏற்றி நெய்து மடித்து வைக்கும் வரை கிரேக்க வீட்டில் அது பெண்களின் வேலை. பிறந்த குழந்தையைச் சுற்றும் துணியும் பிணத்தைப் போர்த்தும் துணியும் அந்தக் கைகளிலிருந்தே வந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத எண்ணெய்க் குடுவை ஒன்று இருக்கிறது. அமாசிஸ் ஓவியர் என்று அழைக்கப்படுபவர் கி.மு. 550க்கும் 530க்கும் இடையில் தீட்டியதாகக் கணிக்கப்படுவது. கம்பளியை எடை போடும் பெண்கள், கதிர் சுழற்றும் பெண்கள், நின்றபடி தறியில் நெய்யும் பெண்கள், துணி மடிக்கும் பெண்கள் என்று அதன் உடல் முழுக்கப் பெண்களின் வேலை. பேறு பார்த்ததும் பெண்கள். பிணத்தைக் கழுவி ஒப்பாரி வைத்ததும் பெண்கள். பிறப்பு, ஆயுள், சாவு மூன்றையும் தொட்ட கைகளையே அந்தச் சமூகம் விதித் தெய்வத்துக்கும் கொடுத்தது.

சரி, நூற்ற அந்தப் பெண்களுக்குக் கிடைத்த பங்கு என்ன? ஏதென்ஸ் நகரத்துச் சட்டத்தில் தந்தையின் சொத்து மகன்களுக்கிடையே பகிரப்பட்டது. மகளுக்கு உண்டானது சீதனம். அதுவும் கணவனின் பொறுப்பில். உடன்பிறந்தவன் இல்லாத மகளை எபிக்ளேரோஸ் என்றார்கள். சொத்தோடு சேர்ந்து வருபவள் என்பது அதன் பொருள். நெருங்கிய ஆண் உறவினன் ஒருவன் அவளை மணந்துகொள்ள உரிமை கோரலாம். பங்கு அவளுக்கு வருவதில்லை. பங்கோடு அவள் போகிறாள். ஒரு மெதிம்னோஸ் அளவு பார்லிக்கு மேற்பட்ட மதிப்பில் எந்தக் கொடுக்கல் வாங்கலையும் பெண் தானாகச் செய்ய முடியாது என்றும் சட்டம் இருந்தது. உலகத்துக்கே பங்கு வைப்பவள் பெண் தெய்வம் என்று பாடிய ஊரில், பார்லி மூட்டைக்கு மேல் பெண்ணின் சொல் செல்லாது.

இருளின் மகள்கள், ஜீயஸின் மகள்கள்

தெய்வங்களின் வம்சாவளியை கி.மு. 700ஐ ஒட்டிப் பாடிய ஹெசியட், மொய்ராக்களை ஒரே நூலில் இரண்டு முறை பிறக்க வைக்கிறார். முதலில் அவர்கள் இரவின் மகள்கள். இரவுத்தாய் ஆண் துணையின்றித் தானே பெற்ற பிள்ளைகளின் வரிசையில் அவர்கள் வருகிறார்கள். ஜீயஸ் அப்போது பிறக்கவேயில்லை. அதே நூலின் பிற்பகுதியில், ஜீயஸ் ஆட்சிக்கு வந்தபின், மொய்ராக்கள் ஜீயஸுக்கும் தெமிஸுக்கும் பிறந்த மகள்களாகிவிடுகிறார்கள். அவர்களுக்குப் பெரும் சிறப்பை அளித்தவர் தந்தை ஜீயஸ் என்றும் சொல்லப்படுகிறது.

இதை வெறும் முரண்பாடு என்று தள்ளிவிட முடியாது. யாருக்கும் மகளாகாமல், தாய்க்கு மட்டும் மகளாக இருந்த ஓர் ஆற்றலுக்குத் தந்தை ஒருவர் வாய்க்கிறார். அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததை அவரே கொடுத்ததாகப் பாட்டு சொல்கிறது. ஒரு குடும்பம் வெளியிலிருந்து வந்த அதிகாரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும் முறை இதுதான்.

இந்த மாற்றம் கல்லிலும் பதிந்திருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பவ்சேனியஸ், டெல்ஃபி கோயிலில் இரண்டு மொய்ராக்களின் சிலைகளைக் கண்டதாகக் குறிக்கிறார். மூன்றாவது மொய்ரா நிற்க வேண்டிய இடத்தில் ஜீயஸும் அப்போலோவும் நிற்கிறார்கள். இருவருக்கும் மொய்ராகெத்தேஸ் என்று பட்டம். மொய்ராக்களை நடத்திச் செல்பவர் என்று பொருள். விதியைக் கேட்க ஊர் ஊராக மக்கள் வந்த கோயில் அது. அங்கே குறி சொன்ன பித்தியா ஒரு பெண். ஆனால் சொல் அப்போலோவின் சொல். மூன்று பெண்களில் ஒருத்தியின் இடம் இரண்டு ஆண் தெய்வங்களுக்குப் போனதை பவ்சேனியஸ் எந்த வியப்பும் இல்லாமல் பதிவு செய்கிறார்.

விதி என்று ஹெக்டர் சொன்னபோது

இலியட்டின் ஆறாவது பகுதியில் ஹெக்டரும் ஆண்ட்ரோமகியும் நகர வாயிலருகே சந்திக்கிறார்கள். கைக்குழந்தையும் கூட இருக்கிறது. இந்தக் காட்சியைக் கணவன் மனைவியின் அன்புக்கு உதாரணமாகவே எடுத்துக்காட்டுகிறோம். ஆண்ட்ரோமகி என்ன பேசினாள் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. தன் தந்தையையும் ஏழு சகோதரர்களையும் அக்கிலிஸ் கொன்றுவிட்டான் என்கிறாள். உன் வீரமே உன்னை அழிக்கும் என்கிறாள். அதோடு நிற்கவில்லை. காட்டத்தி மரத்தருகே மதில் ஏறுவதற்கு எளிதாக இருக்கிறது, எதிரிகள் மூன்று முறை அங்கேதான் முயன்றார்கள், படையை அங்கே நிறுத்து என்று ஆலோசனையும் சொல்கிறாள். மதிலின் பலவீனமான இடத்தைக் கண்டு வைத்திருக்கும் பெண் அவள்.

ஹெக்டரின் பதிலில் மதிலைப் பற்றிப் பேச்சில்லை. பிறந்த எவனும் மொய்ராவுக்குத் தப்பியதில்லை என்கிறான். அடுத்த மூச்சில், வீட்டுக்குப் போய்த் தறியையும் கதிரையும் கவனி, போர் ஆண்களின் வேலை என்கிறான். விதியும் தறியும் ஒரே பதிலில் வருகின்றன. அவள் முன்வைத்தது ஒரு திட்டம். அதற்கு மறுப்பு சொல்ல வேண்டிய இடத்தில் விதி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இருபத்திரண்டாம் பகுதியில் ஹெக்டர் மதிலுக்கு வெளியே தனியாக நிற்கிறான். அக்கிலிஸ் நெருங்கி வருகிறான். அப்போது அவன் தனக்குள் பேசுவது முக்கியமானது. படையை நகருக்குள் திருப்பு என்று தோழன் சொன்ன யோசனையைக் கேட்காமல் என் அடாத துணிச்சலால் மக்களை அழித்துவிட்டேன், இனி ஊரார் முகத்தில் எப்படி விழிப்பேன் என்கிறான். மனைவியிடம் விதி என்று சொன்னவன், தனியாக இருக்கும்போது தன் முடிவு என்று ஒப்புக்கொள்கிறான். அதே நேரத்தில் உள்ளறையில் ஆண்ட்ரோமகி அவன் சொன்னபடியே தறியில் இருக்கிறாள். அவனுக்குக் குளிக்க வெந்நீர் வைக்கச் சொல்லியிருக்கிறாள். ஒப்பாரி கேட்டதும் நெசவுக் கருவி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது.

தந்தையின் நுகத்தடி, தாயின் வாதம்

கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய எஸ்கிலஸின் முந்நாடகம் இதே கேள்வியை வழக்கு மன்றம் வரை கொண்டுபோகிறது. டிராய்க்குப் புறப்பட்ட கப்பல்கள் ஆலிஸ் துறையில் காற்றுக்காகக் காத்திருக்கின்றன. மகள் இஃபிஜினியாவைப் பலி கொடுத்தால் காற்று சாதகமாகும் என்கிறான் குறிசொல்பவன். அகமெம்னன் யோசிக்கிறான். மகளைக் கொல்வதும் கொடுமை, கூட்டாளிகளைக் கைவிடுவதும் கொடுமை என்று இரண்டையும் எடை போடுகிறான். பிறகு கட்டாயம் என்ற நுகத்தடிக்குத் தன் கழுத்தைக் கொடுத்தான் என்று கோரஸ் பாடுகிறது. நுகத்தடி தானாக வந்து அவன்மேல் விழவில்லை. எடை போட்டுப் பார்த்த பிறகு அவனே எடுத்துப் பூட்டிக்கொண்டான். மகளின் வாயைக் கட்டுகிறார்கள், குடும்பத்தைச் சபித்துவிடக் கூடாது என்பதற்காக. பேச முடியாத அவள் பலியிட நிற்பவர்கள் ஒவ்வொருவரையும் கண்ணால் பார்க்கிறாள்.

பத்தாண்டுக்குப் பின் திரும்பிய அகமெம்னனைக் கிளைட்டம்நெஸ்ட்ரா கொல்கிறாள். அதற்காக மகன் ஓரெஸ்டிஸ் வாளோடு அவள்முன் நிற்கிறான். இதில் மொய்ராவுக்கும் பங்கிருக்கிறது, மகனே என்கிறாள். அப்படியென்றால் உன் சாவையும் மொய்ராதான் தயார் செய்தாள் என்று அவன் திருப்பிச் சொல்லிக் கொல்கிறான். தந்தை கட்டாயம் என்றபோது கிடைத்த மரியாதை, தாய் விதி என்றபோது கிடைக்கவில்லை. ஒரே வாதம்தான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அது செல்லுபடியாகிறது.

மூன்றாம் நாடகத்தில் ஓரெஸ்டிஸைத் துரத்தும் எரினிகள் மொய்ராக்களைப் போலவே பழைய பெண் தெய்வங்கள். வழக்கில் அப்போலோ, தாய் பெற்றவள் இல்லை, விதையைக் காத்து வளர்ப்பவள் மட்டுமே என்று வாதாடுகிறார். தாய் வயிற்றில் பிறக்காத அதீனா அவர் பக்கம் வாக்களிக்கிறாள். வாக்குகள் சமமாகி ஓரெஸ்டிஸ் விடுதலையாகிறான். அந்த வாக்குவாதத்தின் நடுவே எரினிகள் அப்போலோவைப் பார்த்து ஒரு பழைய குற்றத்தை எடுத்துச் சொல்கிறார்கள். அட்மெட்டஸ் வீட்டில் மதுவைக் கொடுத்து முதிய தெய்வங்களை ஏமாற்றியவன் நீதானே என்று கேட்கிறார்கள்.

அட்மெட்டஸின் ஆயுளுக்கு விலை

அந்தக் கதையை யூரிப்பிடிஸ் கி.மு. 438இல் 'அல்கெஸ்டிஸ்' நாடகமாக எழுதினார். அட்மெட்டஸ் அரசனுக்குச் சாகும் நாள் வந்துவிட்டது. அவன்மேல் அன்பு கொண்ட அப்போலோ மொய்ராக்களை ஏமாற்றி ஒரு சலுகை வாங்குகிறார்: அவனுக்குப் பதிலாக இன்னொருவர் செத்தால் அவன் வாழலாம். அட்மெட்டஸ் எல்லாரிடமும் கேட்கிறான். வயதான தந்தை மறுக்கிறார், தாய் மறுக்கிறாள். மனைவி அல்கெஸ்டிஸ் ஒப்புக்கொள்கிறாள். பிள்ளைகளுக்கு மாற்றாந்தாய் வராமல் பார்த்துக்கொள் என்பது மட்டும் அவள் கேட்டது.

கிரேக்க இலக்கியத்தில் விதியைப் பற்றி நான் வாசித்தவற்றுள் என்னை மிகவும் அலைக்கழித்த நாடகம் இது. திருப்ப முடியாதவள் என்று பெயர் கொண்ட அத்ரோப்போஸைத் திருப்பிவிட்டார்கள். ஆக, விதி பேரத்துக்கு உட்பட்டதுதான். ஓர் ஆணின் ஆயுளை நீட்ட அது வளைகிறது. வளைந்ததற்கான விலை அவன் வீட்டுப் பெண்ணிடமிருந்து வசூலாகிறது. அவள் செத்தபின் கோரஸ், கட்டாயத்தைவிட வலியது எதுவுமில்லை, அவளுக்குப் பலிபீடமும் இல்லை என்று அட்மெட்டஸுக்கு ஆறுதல் சொல்கிறது. அந்த ஆறுதலை நாடகத்துக்குள்ளேயே ஒருவர் உடைக்கிறார். அட்மெட்டஸின் தந்தை ஃபெரேஸ், உனக்கு அளந்த நாளைத் தாண்டி நீ வாழ்கிறாய், இவளைக் கொன்று வாழ்கிறாய் என்று மகனின் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஃபெரேஸ் தியாகி அல்ல. தன் உயிர் தனக்கு இனிது என்கிற கிழவர். ஆனால் நடந்ததற்குச் சரியான வினைச்சொல்லை இட்டவர் அவர்தான்.

இறுதியில் ஹெராக்கிளிஸ் மரணத்தோடு மல்லுக்கட்டி அல்கெஸ்டிஸை மீட்டு, முகத்திரையோடு கொண்டுவந்து கணவனிடம் ஒப்படைக்கிறான். அவள் வாய் திறப்பதில்லை. மூன்று நாள் கழித்துத் தீட்டு நீங்கும் வரை அவள் பேச்சைக் கேட்க முடியாது என்று ஹெராக்கிளிஸ் காரணம் சொல்கிறான். நாடகம் அந்த மூன்று நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கையில் விதியோடு இரண்டு பெண்கள்

விதி பெண்ணின் கைக்கு வரும் கதைகளும் உண்டு. மெலியாகர் பிறந்து ஏழாம் நாள் மொய்ராக்கள் வீட்டுக்கு வந்து, அடுப்பில் எரியும் இந்த விறகு தீர்ந்தால் இவன் ஆயுளும் தீரும் என்றார்கள். தாய் அல்தியா விறகை எடுத்து அணைத்துப் பெட்டியில் பூட்டி வைத்தாள். மகன் வளர்ந்தான். காட்டுப்பன்றி வேட்டையில் முதல் அம்பை எய்த அடலாண்டாவுக்கு அவன் தோலைப் பரிசாகக் கொடுக்க, பெண்ணுக்கா இந்தப் பரிசு என்று தாய்மாமன்மார் அதைப் பிடுங்கினார்கள். அவன் அவர்களைக் கொன்றான். உடன்பிறந்தவர்களை இழந்த அல்தியா பெட்டியைத் திறந்து விறகைத் தீயில் இட்டாள். பிறகு தானும் செத்தாள். பாக்கிலிடிஸ் கி.மு. 476இல் பாடிய வெற்றிப் பாடலில் இந்தக் கதை வருகிறது. அகமெம்னன் பிள்ளையைக் கொன்றபோது கட்டாயம் இருந்தது. அல்தியாவுக்கு அப்படி ஒரு சொல் அமையவில்லை. அவள் செய்தது அவள் செய்ததாகவே நின்றது.

இன்னொருத்தி பெனலப்பி. கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நிலையில் மறுமணத்துக்கு நெருக்குகிறார்கள். மாமனாருக்குச் சவத்துணி நெய்து முடிக்கட்டும் என்று தவணை கேட்டு, பகலில் நெய்து இரவில் பிரித்து மூன்று ஆண்டுகளைக் கடத்துகிறாள். மொய்ராக்களின் தொழிலையே எடுத்துக்கொண்டு அவர்கள் செய்யாததைச் செய்கிறாள்: நூற்றதைத் திருப்புகிறாள். ஆனால் இந்தக் கதையிலும் பங்கு எல்லாப் பெண்களுக்கும் ஒன்றாக விழவில்லை. ஒடிசியஸ் திரும்பியதும், பெண் கேட்டு வந்தவர்களோடு படுத்தார்கள் என்று பன்னிரண்டு பணிப்பெண்கள் தூக்கிலிடப்படுகிறார்கள். அரசி பிரித்துக் கட்ட முடிந்தது. அடிமைப் பெண்களுக்கு அந்த நூலும் இல்லை.

பிளேட்டோவின் சீட்டுக் குலுக்கல்

'குடியரசு' நூலின் கடைசியில் பிளேட்டோ ஒரு கதை சொல்கிறார். கட்டாயம் என்னும் தாயின் மடியில் உலகையே சுழற்றும் கதிர். சுற்றிலும் வெள்ளை உடையில் மூன்று மகள்கள்: லகெஸிஸ் நடந்ததைப் பாடுகிறாள், குளோதோ நடப்பதை, அத்ரோப்போஸ் நடக்கப்போவதை. மீண்டும் பிறக்கப்போகும் உயிர்கள் சீட்டெடுத்து, வரிசைப்படி தங்கள் அடுத்த வாழ்க்கையைத் தாங்களே தேர்ந்துகொள்ள வேண்டும். பொறுப்பு தேர்ந்தெடுத்தவருடையது, கடவுள்மேல் பழியில்லை என்று அறிவிக்கப்படுகிறது. முதல் சீட்டு கிடைத்தவன் அவசரப்பட்டுக் கொடுங்கோலனின் வாழ்க்கையை எடுக்கிறான். அதற்குள் தன் பிள்ளைகளையே தின்னும் விதி இருப்பதைப் பிறகுதான் பார்க்கிறான். பார்த்ததும் தன்னை விட்டுவிட்டு விதியையும் தெய்வங்களையும் பழிக்கிறான்.

அகமெம்னனையும் அட்மெட்டஸையும் வாசித்த பிறகு இந்த மனிதனை நமக்கு நன்றாகத் தெரியும். பிளேட்டோ அவனைப் பிடித்துவிட்டார். ஆனால் அதே பிளேட்டோ 'டிமேயஸ்' நூலில், கெட்டுப்போய் வாழ்ந்த ஆண்கள் மறுபிறவியில் பெண்களாகப் பிறப்பார்கள் என்கிறார். பெண் பிறவி அங்கே ஒரு தண்டனை. தேர்வுக்கு இடம் கொடுத்த சிந்தனை, பெண் என்று வந்ததும் பழைய கணக்குக்கே திரும்பிவிடுகிறது.

என்னிடம் படித்த பெண்களில் சிலர் படிப்பைப் பாதியில் நிறுத்தும்போது என் விதி, மேடம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். விசாரித்தால் விதிக்குப் பின்னால் ஒரு நிச்சயதார்த்தத் தேதி இருக்கும், அண்ணன் கட்டணம் இருக்கும், மாமனார் வீட்டின் நிபந்தனை இருக்கும். அவர்களுக்கு நான் கிரேக்கக் கதைகளைத் தீர்வாகக் கொடுக்கவில்லை. வாசிக்கும் முறை ஒன்றை மட்டும் சொல்லித் தருகிறேன். ஒரு கதையில் விதி என்ற சொல் வந்தால், அதற்கு முந்தைய வரியில் யார் என்ன கேட்டார்கள், பிந்தைய வரியில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஹெக்டர் அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் ஆண்ட்ரோமகி மதிலில் ஓர் இடத்தைக் காட்டியிருந்தாள். கோரஸ் அதைப் பாடும்போது அட்மெட்டஸ் உயிரோடு நின்றுகொண்டிருந்தான்.